அறுபது பேர் உள்ள அறிவியல் வகுப்பில் எல்லோரையும் யோசிக்க வைப்பது எப்படி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். வகுப்பில் அறுபது பேர். தோட்டத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், மெர்போக், யான் பக்கத்துக் கம்போங்களிலிருந்து வரும் மலாய்ப் பிள்ளைகள், சுங்கை பட்டாணிக் கடைக்காரர் வீட்டுச் சீனப் பிள்ளைகள். பாடம் ஆங்கிலத்தில். கேள்வி கேட்டால் முன்வரிசையில் இரண்டு பேர் பதில் சொல்வார்கள். எப்போதும் அதே இரண்டு பேர். மற்றவர்கள் அந்த இருவரும் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து எழுதிக்கொள்வார்கள். "புரிஞ்சுதா?" என்றால் அறுபது தலையும் ஆடும். அது நமக்குக் கொடுக்கும் மரியாதை. புரிந்ததா இல்லையா என்பது தேர்வுத் தாளைத் திருத்தும்போதுதான் தெரியும், அப்போது தெரிந்து என்ன பயன்?

இந்த நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன். நாளைக் காலை எட்டு மணி வகுப்பிலேயே ஆரம்பிக்கலாம். வேண்டியவை ஏ, பி, சி, டி எழுதிய வாக்கு அட்டை ஆளுக்கொன்று, ஒரு நல்ல கேள்வி, கேட்டபிறகு வாயை மூடிக்கொண்டிருக்கும் பழக்கம். மூன்றாவதுதான் கஷ்டம்.

இந்த முறையின் மூலவடிவம் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியருடையது. 1991 வாக்கில் ஹார்வர்டில் தன் முதலாண்டு வகுப்பில் தொடங்கினார். (பீடோங்கில் ஹார்வர்ட் என்றால் அந்தப் பெயருள்ள தோட்டம்தான் நினைவுக்கு வரும். இது அமெரிக்காவில் இருப்பது.) அவருடைய மாணவர்கள் கணக்குகளை மளமளவென்று போட்டுவிடுவார்கள். ஆனால் விசை பற்றி ஒரு சாதாரணக் கேள்வி கேட்டால் தடுமாறினார்கள். அதனால் விரிவுரையை நடுவில் நிறுத்தி, ஒரு கேள்வி போட்டு, தனித்தனியாக வாக்களிக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விட்டு, மறுபடி வாக்கெடுத்தார். அவ்வளவுதான் முறை. கேட்க எளிது, ஆனால் ஒவ்வொரு படியிலும் வழுக்கி விழ இடம் உண்டு.

கேள்விதான் எல்லாம்

உங்கள் தயாரிப்பு நேரத்தில் முக்கால்வாசியைக் கேள்விக்கே கொடுங்கள். ஸ்லைடை அழகாக்குவதெல்லாம் அப்புறம். நல்ல கேள்வியில் கணக்குப் போட எண்களே இருக்காது. மனப்பாடம் செய்தவனும் செய்யாதவனும் ஒரே இடத்திலிருந்து யோசிக்கத் தொடங்க வேண்டும். தவறான பதில்கள் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் நிஜமாகவே நம்புவதாக இருக்க வேண்டும். நாலாவது இடத்தை நிரப்புவதற்காக எதையாவது எழுதிப் போட்டால் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

சவ்வூடு பரவல் பாடத்துக்கு நான் போடும் கேள்வி இது. பால்மரத்தை (கித்தா என்கிற ரப்பர் மரத்தை) விடியற்காலையில் வெட்டுவதற்கு முக்கியக் காரணம் எது?

ஏ: வெயிலில் பால் உறைந்துவிடும்.
பி: இரவில் மட்டும்தான் மரம் பாலை உண்டாக்கும்.
சி: அந்த நேரத்தில் பால்குழாய்களில் அழுத்தம் கூடுதல்.
டி: குளிர்ச்சியில் பால் நீர்த்து ஓடும்.

எங்கள் பிள்ளைகளில் பலருடைய பாட்டியோ தாத்தாவோ கித்தா மரம் வெட்டியவர்கள். அதனால் யாருக்கும் இது அந்நியமான விஷயம் இல்லை. முதல் வாக்கில் ஏ அட்டைதான் அதிகம் எழும், அது வீட்டில் கேட்டு வளர்ந்த பதில். ஒரு பெண் பக்கத்தில் இருப்பவளிடம் சொன்னாள்: "எங்க பாட்டி நாலரைக்கே தலையில லைட்ட கட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. வெயில் ஏறினா பால் நின்னுடும்னு சொல்வாங்க." அதற்கு மற்றவள், "நிக்கிறதுன்னா? மங்குல கட்டியாகிறதும் மரத்திலிருந்து வராம நிக்கிறதும் ஒண்ணா?" என்று கேட்டாள். (மங்கு என்பது மரத்தில் பால் வடியும் கிண்ணம்.) பாடம் அந்த இடத்தில்தான் நடந்தது. நான் இரண்டு வரிசை தள்ளி, காது கேட்காத மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

சரியான பதில் சி. இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் மரம் நீரை இழப்பது குறைவு. பால்குழாய்ச் செல்கள் சவ்வூடு பரவலால் நீரை உள்ளே இழுத்து விறைத்திருக்கும். வெட்டியதும் அந்த அழுத்தம்தான் பாலை வெளியே தள்ளுகிறது. வெயில் ஏறியதும் நீராவிப்போக்கு தொடங்கி, விறைப்பு தளர்ந்து, ஓட்டம் குறைகிறது. பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி, காரணம்தான் வேறு. இதை வகுப்பில் மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கேட்ட அறிவைக் கல்லூரி பொய்யாக்கிவிட்டது என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளையும் வெளியே போகக்கூடாது.

இயற்பியல் எடுப்பவர்களுக்கு: செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஒரு சின்னக் கஞ்சில் காரை மோதுகிறது, எதன் மேல் விசை அதிகம்? 1992இல் ஹெஸ்டனீஸும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட விசைக் கருத்துத் தேர்வில் இந்த வகைக் கேள்வி இருக்கிறது. அங்கேயும் ஒரு பெரிய லோரியும் ஒரு சின்னக் காரும்தான், செம்பனையும் கஞ்சிலும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். நியூட்டனின் மூன்றாம் விதியை வார்த்தை பிசகாமல் ஒப்பிப்பவர்களும் "கஞ்சில்தானே நசுங்கும்!" என்று அடித்துச் சொல்வார்கள். விசை இரண்டின் மேலும் சமம். நிறை குறைந்தது அதிகமாக முடுக்கப்படுகிறது, அதனால் அடி வாங்குகிறது.

தவறான விடைகளை உட்கார்ந்து கற்பனை செய்ய வேண்டாம். வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஒரு துண்டுத்தாளில் "இன்று எது புரியவில்லை, நீங்கள் என்ன நினைத்திருந்தீர்கள், ஏன்?" என்று பெயரில்லாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கான தவறான விடைகள் பிள்ளைகளின் சொந்த வார்த்தையிலேயே கிடைத்துவிடும். இன்னொன்று, சரியான விடை மற்றவற்றைவிட நீளமாக இருக்கக்கூடாது. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதி வந்த பிள்ளைகளுக்கு அந்தத் தந்திரம் தண்ணீர் பட்ட பாடு.

வாக்கு, மௌனம், வாதம்

ஒரு ஏ-நான்கு தாளை நான்காக மடித்து, மடிப்புக்கு ஒரு எழுத்தாகப் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். முதல் வாரமே ஆளுக்கொன்று தயாராகிவிடும். எல்லோரும் ஒரே நேரத்தில், மார்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். தலைக்கு மேல் தூக்கினால் பின்னால் இருப்பவன் முன்னால் இருப்பவனைப் பார்த்து அட்டையைத் திருப்புவான். கைபேசிச் செயலிகளும் இருக்கின்றன, பிடித்தால் பயன்படுத்துங்கள். கஹூட் என்ற வினாடிவினாச் செயலி பற்றி மட்டும் ஒரு வார்த்தை: வேகத்துக்குப் புள்ளி கொடுக்கும் விளையாட்டில் விரல் முந்தும், மூளை பிந்தும். தேர்வுக்கு முன் மீள்பார்வைக்குச் சரி. புதிய கருத்தைச் சொல்லிக்கொடுக்க அது வேண்டாம்.

வாக்குக்கு முன் ஒரு நிமிடம் முழு மௌனம். நீங்களும் பேசக்கூடாது, குறிப்பும் கொடுக்கக்கூடாது. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் அமெரிக்கப் பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடிக்கு நீட்டியதுமே பதில்கள் நீளமாயின, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் வாய் திறந்தார்கள். நம் பிள்ளைகள் கேள்வியை ஆங்கிலத்தில் படித்து, தமிழிலோ மலாயிலோ யோசித்து, மறுபடி ஆங்கிலத்துக்கு வர வேண்டும். அவர்களுக்கு மூன்று வினாடி எந்த மூலைக்கு? நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். பார்க்காவிட்டால் என் வாய் சும்மா இருக்காது.

அட்டைகள் எழுந்ததும் ஒரு பார்வையில் மதிப்பிடுங்கள். சரியான விடை கிட்டத்தட்ட 30 விழுக்காட்டுக்கும் 70 விழுக்காட்டுக்கும் இடையில் இருந்தால்தான் வாதம் பலன் தரும். அதற்குக் கீழே என்றால் பேசித் தீர்க்க அவர்களிடம் சரக்கு இல்லை, திரும்பப் போய் விளக்குங்கள். மேலே என்றால் ஒரு நிமிடத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு நகருங்கள். எத்தனை பேர் எதைத் தேர்ந்தார்கள் என்று இப்போது அறிவிக்க வேண்டாம். அறிவித்தால் கூட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள்.

அப்புறம், "பக்கத்தில் வேறு அட்டை வைத்திருப்பவரைத் தேடுங்கள், உங்கள் பதில்தான் சரி என்று நம்ப வையுங்கள்." மூன்று நிமிடம். எந்த மொழியிலும் பேசலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். இதில் எனக்கும் சில சகாக்களுக்கும் ஒத்துப்போகாது. ஆங்கிலப் பழக்கம் கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். என் கட்சி வேறு: யோசிப்பது எந்த மொழியில் வருகிறதோ அதில் யோசிக்கட்டும், முழு வகுப்புக்கும் சொல்லும்போது ஆங்கிலத்தில் சொல்லட்டும். தமிழ்ப் பையனும் மலாய்ப் பெண்ணும் ஜோடி சேர்ந்தால் மலாயில் பேசிக்கொள்வார்கள், நடுநடுவே பாடச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அந்தக் கலவையில்தான் உயிர் இருக்கும்.

விரிவுரை மண்டபத்தில் நாற்காலிகள் தரையோடு பொருத்தியிருந்தால் ஒவ்வொரு மூன்றாவது வரிசையையும் காலியாக விடச் சொல்லுங்கள். நீங்கள் உள்ளே நடந்து போக வழி வேண்டும். நடக்கும்போது திருத்த வேண்டாம், காது மட்டும் கொடுங்கள். "நீ ஏன் அப்படி நினைக்கிறே, அய்யா?" என்ற ஒரு கேள்வி போதும். மறுவாக்கு முடிந்ததும் சரியான விடையைச் சொல்லும் முன் ஒவ்வொரு அட்டைக்கும் காரணம் கேளுங்கள். தவறான அட்டைக்காரரிடம் "உன் பதில் என்ன?" என்று கேட்டால் கூனிக் குறுகுவார். "இந்தப் பதிலைத் தேர்ந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவதுபோல் பேசிவிடுவார்.

தெரியாதவனும் தெரியாதவனும் பேசினால் என்ன வரும் என்று கேட்பவர்கள் உண்டு. கொலராடோ பல்கலைக்கழக மரபியல் வகுப்பில் இதையே சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். பேசிமுடித்த பிறகு அதே கருத்தில் வேறொரு கேள்வியைத் தனியாகப் போட வைத்தார்கள். குழுவில் ஒருவருக்குமே முதலில் சரியான விடை தெரியாத இடங்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. தெரிந்தவனைப் பார்த்துக் காப்பியடிப்பது மட்டுமே நடக்கிறது என்றால் அப்படி வர வாய்ப்பில்லை.

செய்துகாட்டும் முன் எழுத வையுங்கள்

மேசை மேல் சோதனை செய்துகாட்டுவது எல்லோருக்கும் பிடிக்கும். கைதட்டுவார்கள், படம் எடுப்பார்கள், ஒன்றும் கற்க மாட்டார்கள். மஸூரின் குழு 2004இல் இதையும் அளந்து பார்த்தது. சும்மா பார்த்தவர்களுக்கும் சோதனையைப் பார்க்காதவர்களுக்கும் புரிதலில் பெரிய வித்தியாசம் இல்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துவிட்டுப் பார்த்தவர்கள்தான் தேறினார்கள். கணிப்புக்கு ஆகும் கூடுதல் நேரம் இரண்டு நிமிடம்.

கூழ்மப் பாடத்துக்கு (நுண்துகள்கள் கரையாமல் திரவத்தில் மிதக்கும் கலவை) எங்கள் ஊரில் ரப்பர் பாலைவிட நல்ல பொருள் கிடையாது. புதுப் பாலைக் கொஞ்சம் தண்ணீர் விட்டு நான்கு சோதனைக்குழாய்களில் எடுங்கள். ஒன்றில் வினிகர், ஒன்றில் சாதாரண உப்புக் கரைசல், ஒன்றில் அதே செறிவில் கால்சியம் குளோரைடு, ஒன்றில் அம்மோனியா. எது உறையும், எந்த வரிசையில், ஏன்? எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொட்டு விட வேண்டும்.

வினிகரை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், ஆசிட் ஊற்றிப் பால் உறைய வைப்பதைக் கேள்விப்பட்டவர்கள். ஆனால் "ஆசிட் ஏன்?" என்றால் மௌனம். ரப்பர்த் துகளைச் சுற்றிப் புரதமும் கொழுப்புப்பொருளும் சேர்ந்த ஒரு படலம், அதன் மேல் எதிர்மின்சுமை. ஒன்றையொன்று தள்ளுவதால்தான் பால் பாலாக இருக்கிறது. அமிலம் அந்தச் சுமையைத் தணித்துவிட்டால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அம்மோனியா மறுபக்கம் இழுக்கிறது, அதோடு பாக்டீரியாவையும் அடக்குகிறது. மங்கில் அப்படியே விட்ட பால் கட்டிப்பால் ஆவதற்குக் காரணம் அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் அமிலம்தானே.

சண்டை வருவது உப்பில். "உப்பு உப்புதானே, மிஸ்" என்பார்கள். கால்சியம் குழாய் கட்டியாகும்போது சாதாரண உப்புக் குழாய் வெள்ளையாக அப்படியே நிற்கும். இரட்டை நேர்மின்சுமை உள்ள அயனி எவ்வளவு பலமாக உறைய வைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தபிறகு ஷூல்ஸ்–ஹார்டி விதியை எழுதிப் போட்டால் யாருக்கும் அது வெறும் பெயராகத் தெரியாது. கையுறைத் தொழிற்சாலையில் அச்சைப் பாலில் முக்கும் முன் கால்சியம் நைட்ரேட்டில் முக்குவது இதற்காகத்தான் என்று சொன்னால், அண்ணனோ அக்காளோ அங்கே வேலை செய்யும் பிள்ளை நிமிர்ந்து உட்காரும். செறிவுகளை முந்தின நாளே சோதித்து வைத்துக்கொள்ளுங்கள், பால் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்காது. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நைட்ரைல் கையுறை, அம்மோனியாவுக்குப் புகைக்கூண்டு.

இருபது பேருக்குக் குறைந்த வகுப்பு என்றால் அட்டையை விட்டுவிட்டு ஒரு புதிரைத் தவணை தவணையாகக் கொடுக்கலாம். உயிரியல் சகா ஒருவர் செம்பனையை எடுத்துக்கொள்வார். முதல் தாள்: செம்பனை காற்றால் மகரந்தம் பெறுகிறது என்று நெடுநாள் நம்பினார்கள், ஆனால் மலேசியத் தோட்டங்களில் காய்ப்பு சரியில்லாமல் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் தூவினார்கள், அது பிறந்த மண்ணான மேற்கு ஆப்பிரிக்காவில் தானாகவே காய்க்கிறது. காற்றா, பூச்சியா என்று பிரித்தறிய ஒரு சோதனை வடிவமைக்க வேண்டும். காற்று போகும், பூச்சி போகாத வலையைப் பூங்கொத்துக்குக் கட்டலாம் என்ற இடத்துக்கு வந்துசேர ஒரு குழுவுக்குக் கால் மணி நேரம் ஆகும், அவசரப்படுத்தக்கூடாது. அதற்குப் பிறகுதான் அடுத்த தாள்: பூச்சியியலாளர் சையத் கேமரூனில் செய்த ஆய்வு, 1981இல் எலைடோபியஸ் கேமரூனிக்கஸ் என்ற கூன்வண்டு இங்கே கொண்டுவந்து விடப்பட்டது, கையால் தூவும் வேலை தேவையற்றுப் போனது. வெளிநாட்டுப் பூச்சியை நாட்டுக்குள் விடும் முன் என்னென்ன சோதித்திருப்பீர்கள் என்பது மூன்றாவது தாள். சண்டை களைகட்டுவது அங்கேதான்.

முணுமுணுப்பும் சிலபஸும்

"மிஸ் பாடமே நடத்துறதில்ல, எங்களையே பேசச் சொல்றாங்க." மூன்றாவது வாரத்தில் இது வந்தே தீரும். வராவிட்டால்தான் எனக்குச் சந்தேகம். 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வு இதை நன்றாக விளக்குகிறது. மெருகான விரிவுரையைக் கேட்டவர்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். தாங்களே மல்லுக்கட்டியவர்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வில் முடிவு தலைகீழ். இதை முதல் வகுப்பிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கூடவே 2014இல் ஃப்ரீமனும் சகாக்களும் 225 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னதையும் பலகையில் எழுதுங்கள்: வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி சுமார் 34 விழுக்காடு, மாணவர்கள் ஈடுபடும் வகுப்புகளில் சுமார் 22. கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாடத்தில் தோற்பது என்றால் என்ன என்று தெரியும்.

சிலபஸ் முடியுமா? முடியும், எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால். வரையறைகள், நீளமான தருவிப்புகள், புத்தகத்தில் உள்ள அட்டவணைகள் எல்லாம் வீட்டுக்கு. முந்தின இரவு ஐந்து பக்கம் படித்து, வாட்ஸ்ஆப்பில் மூன்று கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டும். மூன்றாவது கேள்வி எப்போதும் "எது குழப்பியது?" காலையில் தேநீர் குடிக்கும் நேரத்தில் அதைப் படித்தால் எந்தக் கேள்வியைப் போடுவது என்று தானாகத் தெரியும். படிக்காமல் வருபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக எல்லாவற்றையும் மறுபடி நடத்தத் தொடங்கினால் அடுத்த வாரம் யாருமே படிக்க மாட்டார்கள்.

அட்டை வாக்குக்கு மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் யோசிப்பது நின்று பயம் வந்துவிடும். ஆனால் பருவத் தேர்வில் இதே வகைக் கேள்வி ஒன்றாவது, காரணம் எழுதும்படி, இருக்க வேண்டும். தேர்வு முழுக்க வரையறைகளாக இருந்தால், "இது எக்ஸாம்ல வருமா மிஸ்?" என்று கேட்கும் பையன் அட்டையைக் கீழே வைப்பது நியாயம்தான்.

ஒரு வகுப்புக்கு ஒரு கேள்வி என்று ஆரம்பியுங்கள். கைவந்ததும் இரண்டு, மூன்று. ஐம்பது நிமிடத்தில் அதற்கு மேல் போட்டால் எதையும் ஆற அமர வாதிக்க முடியாது.

ரப்பர் பால் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். சிறுதோட்டக்காரர் யாரையாவது முதல் நாளே கூப்பிட்டு, "அண்ணே, நாளைக்கு அம்மோனியா போடாத பால் அரை லிட்டர் வேணும்" என்று சொல்லிவையுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து அன்றே பயன்படுத்திவிட வேண்டும். மீதியைத் தொட்டியில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் போய்க் கட்டியாகி அடைத்துக்கொள்ளும், ஆய்வக உதவியாளர் அடுத்த முறை சாவி தரமாட்டார். ஒரு வாளியில் வினிகர் விட்டு உறைய வைத்து, பிழிந்து, குப்பையில் போடுங்கள்.